பழைய கணப்படுப்பு: வைத்துக்கொள்வதா, மாற்றுவதா, இடிப்பதா?

குளிர்காலவாசி

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் வாங்கியிருக்கும் வீடு பழையது. கூடத்தில் செங்கல்லால் கட்டிய திறந்த கணப்படுப்பு ஒன்று இருக்கிறது. வாய் 36 அங்குல அகலம், 30 அங்குல உயரம். சுற்றிலும் கல் வேலைப்பாடு, மேலே கனமான மரப் பலகை. அழகு என்பதில் வீட்டில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் தீ மூட்டினால் புகையில் ஒரு பங்கு கூடத்துக்குள் வந்துவிடுகிறது. மூட்டாத நாட்களில் அதே வழியாகக் குளிர்காற்று இறங்குகிறது. எதிரே உட்கார்ந்தால் முகம் சுடுகிறது, முதுகு சில்லிடுகிறது.

மனைவி மொத்தத்தையும் இடித்துச் சுவரை நேராக்கிவிடலாம் என்கிறார். மாமனார் எரிவாயுவுக்கு மாற்றச் சொல்கிறார். எனக்கு விறகுத் தீயை விட மனமில்லை. வீட்டுக்கு வந்த ஒரு விற்பனையாளர் சிம்னிக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல், "இதையெல்லாம் இப்போது யார் சார் வைத்திருக்கிறார்கள்?" என்று புதிய மாடல்களின் படங்களைக் காட்ட ஆரம்பித்துவிட்டார். எதிலிருந்து தொடங்குவது?

பழசுபிரியன்

இடிக்காதீர்கள். அந்தக் கல் வேலைப்பாட்டை இன்று செய்யச் சொன்னால் ஆள் கிடைப்பது கடினம். இடித்தபின் மனம் மாறினால் திரும்பக் கட்ட முடியாது. மற்ற எல்லா வழிகளிலும் பின்வாங்க இடம் இருக்கிறது.

கூட்டல்கழித்தல்

அழகு வேறு, சூடு வேறு. கொஞ்சம் கணக்குப் போடுவோம். நன்றாக உலர்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறத்தாழ 4 யூனிட் வெப்பம் இருக்கிறது. திறந்த கணப்படுப்பு அதில் 10 முதல் 15 சதவீதத்தை அறைக்குக் கொடுத்தாலே பெரிய விஷயம். ஆக, ஒரு கிலோவுக்கு அரை யூனிட். 1500 வாட் மின் ஹீட்டர் ஒரு மணி நேரத்தில் தருவதைப் பெற 3 கிலோ விறகு எரிக்க வேண்டும். கண்ணாடிக் கதவுள்ள நல்ல இன்செர்ட், அதாவது பழைய கணப்படுப்பின் வாய்க்குள் பொருத்தும் மூடிய அடுப்பு, 70 முதல் 75 சதவீதம் தரும். அதற்கு அரைக் கிலோ போதும்.

இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. திறந்த தீ, தான் எரியத் தேவையானதைவிடப் பல மடங்கு காற்றை அறையிலிருந்து உறிஞ்சி மேலே அனுப்புகிறது. அந்த இடத்தை நிரப்ப ஜன்னல் இடுக்குகளிலும் கதவடியிலும் குளிர்காற்று நுழைகிறது. உங்கள் முதுகு சில்லிடுவது அதனால்தான். வெளியே கடுங்குளிராக இருக்கும்போது, கூடம் மட்டும் கதகதப்பாகி மற்ற அறைகள் தீ மூட்டுவதற்கு முன் இருந்ததைவிடக் குளிர்ந்துவிடுவதும் நடக்கும். சூடு வேண்டும் என்பதற்காக இதை வைத்திருக்கிறீர்கள் என்றால், காரணம் தவறு.

கொத்துக்கரண்டி

கூட்டல்கழித்தல் சொன்ன எண்கள் சரி. ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே தலையை விட்டு மேலே பாருங்கள். தெரிவது செங்கல்லா, தகரமா?

தொழிற்சாலையில் செய்து, மரச் சட்டத்துக்குள் பொருத்தி, வெளியே செங்கல் முகம் ஒட்டிய இரும்புப் பெட்டிகளும் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் கட்டியதுபோலவே இருக்கும். அவற்றுக்கு ஆயுள் 20, 30 வருடம்தான். எந்த இன்செர்ட்டையும் அதற்குள் நுழைத்துவிட முடியாது. அந்தப் பெட்டிக்கென்று சோதித்து அனுமதித்ததை மட்டுமே வைக்கலாம். உள் தகடு துருப்பிடித்துவிட்டாலோ வளைந்துவிட்டாலோ பழுதுபார்ப்பதைப் பற்றி யோசிக்காமல் மாற்றிவிடுவது நல்லது.

செங்கல்லில் கட்டியது என்றால் கதை வேறு. நீங்கள் கூடத்திலிருந்து பார்ப்பது மொத்தக் கட்டுமானத்தில் கால்வாசிகூட இல்லை. தீ எரியும் பெட்டி, அதற்கு மேல் டாம்பர் (புகைவழியைத் திறந்து மூடும் தகடு) இருக்கும் தொண்டை, அதற்கு மேல் புகை திரண்டு குறுகும் அறை, அப்புறம் சிம்னியின் உட்குழாயாகக் கூரைவரை போகும் சுட்ட மண் லைனர், உச்சியில் மழைநீர் வழிந்தோடும் சிமென்ட் சரிவு, தொப்பி. விற்பனையாளர் முகத்தைக் காட்டித்தான் பேசுவார். முடிவு செய்ய வேண்டியது லைனரைப் பார்த்து.

லைனரில் விரிசல் இருந்தால் சூடும் கார்பன் மோனாக்சைடும் சுவருக்குள் கசியும். சிம்னியை ஒட்டி வீட்டின் மரச் சட்டம் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். வருடக்கணக்கில் சூடு பட்ட மரம் மெல்ல மெல்லக் கரியாகி, சாதாரண மரம் பற்றாத சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். சிம்னிக்கும் மரத்துக்கும் நடுவே 2 அங்குல இடைவெளி விட்டுக் கட்டுவது இதற்காகத்தான். பழைய வீடுகளில் பலவற்றில் அது இருக்காது.

அதனால் முதலில் சிம்னியைச் சுத்தம் செய்பவரை வரவழைத்துத் துடைக்கச் சொல்லுங்கள். பிறகு கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். படத்தையும் கேட்டு வாங்குங்கள். "நன்றாக இருக்கிறது" என்ற வாய்ச்சொல் போதாது. வீடு கைமாறும்போதும், எரிபொருளோ கருவியோ மாறும்போதும் இந்தக் கேமரா சோதனை கட்டாயம். உங்களுக்கு இரண்டும் பொருந்துகிறது.

அதுவரை தீ மூட்டாதீர்கள்.

குளிர்காலவாசி

செங்கல்தான், பார்த்துவிட்டேன். கேமராக்காரரை வரச் சொல்லியிருக்கிறேன். டாம்பரைக் கண்டுபிடித்தேன், பாதி திறந்த நிலையில் துருப்பிடித்து நிற்கிறது. மேலே கூரையில் லைனரின் உள்ளளவு 8க்கு 10 அங்குலம் என்று சொன்னார்கள். புகை உள்ளே வருவதற்கு அந்த டாம்பர் மட்டும்தான் காரணமா?

கொத்துக்கரண்டி

டாம்பரும் ஒரு காரணம். ஆனால் நீங்கள் கொடுத்த அளவைப் பாருங்கள். வாய் 36க்கு 30, அதாவது 1080 சதுர அங்குலம். புகைவழி 80 சதுர அங்குலம். 13.5 மடங்கு. புகைவழியின் பரப்பு, வாயின் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். இவ்வளவு பெரிய வாயிலிருந்து வரும் புகையை அவ்வளவு சிறிய குழாய் இழுக்காது. கட்டியவரே தப்பாகக் கட்டியிருக்கிறார், அல்லது பின்னால் யாரோ சிறிய லைனரை இறக்கியிருக்கிறார்.

சோதிப்பது எளிது, ஆனால் சிம்னி பாதுகாப்பானது என்று தெரிந்த பிறகு மட்டும். வாயின் மேல் விளிம்பில் ஒரு தகரப் பட்டையைக் குறுக்கே பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். எந்த இடத்தில் புகை உள்ளே வருவது நிற்கிறதோ அதுதான் வாய்க்குச் சரியான உயரம். உங்களுடையதில் 6 அங்குலம் குறைத்தால் 864 சதுர அங்குலம் ஆகும், விகிதம் 11க்குள் வந்துவிடும். மேலே ஒரு இரும்புப் பட்டை, கீழே ஒரு வரிசை தீச்செங்கல் பரப்பித் தரையை உயர்த்துவது, இரண்டும் சேர்ந்தால் போதும்.

சமையலறைப் புகைவிசிறி ஓடும்போதுதான் புகை அதிகம் வருகிறதா என்றும் பாருங்கள். அந்த விசிறி நிமிடத்துக்குச் சில நூறு கன அடி காற்றை வெளியே தள்ளும். ஜன்னல்களையெல்லாம் இறுக்கமாக மாற்றிய வீட்டில் அந்தக் காற்று திரும்ப வர இருக்கும் ஒரே வழி உங்கள் சிம்னிதான். ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்ததும் புகை நின்றால் குற்றவாளி கணப்படுப்பு அல்ல.

பழசுபிரியன்

இந்த விகிதக் கணக்கெல்லாம் நேற்று வந்ததில்லை. ரம்ஃபோர்டு பிரபு என்று அறியப்பட்ட பெஞ்சமின் தாம்சன் 1796லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். பெட்டியின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களை வெளிப்புறமாகச் சாய்த்து, தொண்டையை 4 அங்குலத்துக்குக் குறுக்கினார். சாய்ந்த சுவர்கள் சூட்டை அறைக்குள் திருப்பும், குறுகிய தொண்டை வீணாகப் போகும் காற்றைத் தடுக்கும். இடிக்காமல், உள்பெட்டியை மட்டும் அந்த வடிவத்தில் திரும்பக் கட்டலாமே?

கூட்டல்கழித்தல்

கட்டலாம். சாதாரணத் திறந்த கணப்படுப்பைவிட நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் அது திறந்த தீ. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் காற்றை அளந்துவிட்டு எரிக்கும் கருவியோடு போட்டி போட முடியாது. 1796ல் தீயின் சூட்டைத் தாங்கும் கண்ணாடிச் செராமிக் இல்லை என்பதை அவருக்காக ஒப்புக்கொள்கிறேன்.

சாம்பல்பூனை

சூடு, அழகு என்றே பேசுகிறீர்கள். அந்தக் கூடத்தில் மூச்சுவிடுபவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. எங்கள் வீட்டுப் பையனுக்கு ஆஸ்துமா. திறந்த தீ இருந்த அறையில் அவன் உட்காரவே முடியாது. கண்ணுக்குத் தெரிகிற புகை வந்தால்தான் கெடுதல் என்பதில்லை. 2.5 மைக்ரானுக்குக் குறைவான நுண்துகள்கள் வாசனைகூட இல்லாமல் நுரையீரலின் அடிவரை போகும். வீட்டில் குழந்தையோ வயதானவரோ இருந்தால் திறந்த தீயை விட்டுவிடுங்கள். இது என் கருத்து, விவாதத்துக்கு வரவில்லை.

பழசுபிரியன்

விவாதத்துக்கு வராமல் விவாத இழையில் எழுதியதற்கு நன்றி 🙂 ஆனால் சொன்னது நியாயம்தான். உலர்ந்த விறகு, சரியான இழுவை இருந்தால் பெருமளவு குறையும். பூஜ்யம் ஆகாது.

மட்டநூல்

இடிப்பது பற்றி யாரும் விவரமாகச் சொல்லவில்லை, கட்டட வேலையில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன். குளிர்காலவாசி, உங்கள் மனைவி கேட்பது அநியாயமில்லை. கணப்படுப்பின் புடைப்பை எடுத்தால் அறையில் நல்ல இடம் கிடைக்கும். ஆனால் அது சுவரை ஒட்டி வைத்த அலமாரி அல்ல. அதற்கு மேல் மாடியிலும் கூரையிலும் சிம்னி நின்றுகொண்டிருக்கிறது. செங்கல் கட்டுமானம் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.8 முதல் 2 டன் எடை. கீழே எடுத்துவிட்டு மேலே விட்டால் அந்த எடையைத் தாங்க இரும்பு உத்தரம் வேண்டும். அதைக் கணக்கிடக் கட்டமைப்புப் பொறியாளர் வேண்டும், உள்ளூர் அனுமதியும் வேண்டும். பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் என்றால் அவர்களையும் கேட்க வேண்டும். உச்சியிலிருந்து கீழ்வரை முழுவதும் எடுப்பது பாதுகாப்பானது, ஆனால் கூரையைத் திறந்து மூட வேண்டியிருக்கும்.

இடிக்கவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம் என்றால் நடுவழி ஒன்று உண்டு. புகைவழியை மூடிவிடலாம். ஆனால் இரண்டு முனையையும் காற்றுப் புகாமல் சிமென்ட் பூசி அடைக்காதீர்கள். உள்ளே ஈரம் தேங்கி, சுவரில் பழுப்புக் கறை வரும், பழைய புகைக்கரி நாற்றம் அடிக்கும். உச்சியில் மழை புகாத காற்றுத் தொப்பி, கீழே அடைத்த இடத்தில் ஒரு சிறிய காற்றுச் சல்லடை, இரண்டும் அவசியம்.

குளிர்காலவாசி

கேமரா முடிவு வந்துவிட்டது. சுருக்கமாக: நடுப்பகுதியில் இரண்டு மண் லைனர்களில் நீளவாக்கில் விரிசல். சில இணைப்புகளில் சாந்து உதிர்ந்து ஓட்டை. மேல்பகுதியில் தார் பூசியதுபோல் பளபளக்கும் கறுப்பு அடுக்கு. உச்சியில் சிமென்ட் சரிவு வெடித்திருக்கிறது, தொப்பியே இல்லை. பெட்டியின் தீச்செங்கல் மட்டும் நன்றாக இருக்கிறதாம், சாந்து பூசினால் போதுமாம். இனி?

கொத்துக்கரண்டி

அந்தப் பளபளப்பு கிரியோசோட்டின் மூன்றாம் நிலை. ஈர விறகை மந்தமாக எரித்தால் முழுதாக எரியாத புகை, குளிர்ந்த புகைவழியில் படிந்து முதலில் கரித்தூளாக, பிறகு செதிலாக, கடைசியில் கண்ணாடிபோல் இறுகும். பிரஷ்ஷுக்கு அசையாது. இது எரிபொருள்தான், பற்றினால் 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த நீளவாக்கு விரிசல், முன்பு ஒருமுறை சிம்னிக்குள்ளேயே தீப்பிடித்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம். முந்தைய குடியிருப்பாளருக்கே தெரியாமல் நடந்திருக்கும்.

உச்சி வெடித்ததும் தொப்பி இல்லாததும் மழையை உள்ளே விட்டிருக்கின்றன. சிம்னியை நெருப்பைவிடத் தண்ணீர்தான் அதிகம் கெடுக்கிறது. சாந்து உதிர்ந்ததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

ஆக, "அப்படியே வைத்துக்கொள்வது" என்ற வழி போய்விட்டது. திறந்த தீயாகவே வேண்டுமென்றாலும் முழுப் புகைவழிக்கும் புதிய லைனர் போட வேண்டும். உங்கள் புகைவழி ஏற்கெனவே சிறியது. அதற்குள் இன்னொரு குழாயை விட்டால் அந்த 36 அங்குல வாய்க்கு இழுவை சுத்தமாகப் போதாது. ஆனால் இன்செர்ட்டுக்குப் பெரும்பாலும் 6 அங்குலக் குழாய் போதும். அது 8க்கு 10க்குள் போகும். மண் லைனரின் உள்விளிம்புகள் ஒழுங்காக இருந்தால் மட்டும். குழாயைச் சுற்றிக் காப்பு உறை போட இடம் வருமா என்று அளக்கச் சொல்லுங்கள். இடமில்லையென்றால் பழைய மண் லைனரை உடைத்து எடுத்துவிட்டு இறக்குவார்கள்.

குழாய் இன்செர்ட்டின் தலையிலிருந்து சிம்னி உச்சிவரை தொடர்ச்சியாகப் போக வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். இன்செர்ட்டை வாய்க்குள் தள்ளிவிட்டு, புகை தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். புகை பெரிய வெற்றிடத்தில் குளிர்ந்து, கையெட்டாத இடத்தில் மறுபடி கிரியோசோட்டாகப் படியும்.

குளிர்காலவாசி

மாமனாருக்காகக் கேட்கிறேன், எரிவாயு?

கூட்டல்கழித்தல்

எரிவாயுவில் மூன்று ரகம், மூன்றும் ஒன்றல்ல. விறகுபோல் செய்த கட்டைகளைத் திறந்த வாயில் வைத்து எரிப்பது முதல் ரகம்: டாம்பர் திறந்தே இருக்க வேண்டும், சூடு மேலே போய்விடும், பார்க்க மட்டும்தான். புகைபோக்கியே வேண்டாம் என்று விற்கும் இரண்டாம் ரகம், எரிந்து வருவதை எல்லாம் அறைக்குள்ளேயே விடும், ஈரத்தையும் சேர்த்து. என் வீட்டில் வைக்க மாட்டேன். மூன்றாவது, கண்ணாடியால் மூடிய இன்செர்ட்: வெளியிலிருந்தே காற்றை எடுத்து வெளியிலேயே விடும், சிம்னி வழியாக இரண்டு மெல்லிய குழாய்கள் போகும். மாமனாருக்கு இதைச் சொல்லுங்கள். பட்டனைத் தட்டினால் தீ, சாம்பல் இல்லை, கிரியோசோட் இல்லை. விறகு தூக்க முடியாத வயதில் இதுதான் சரி.

மின்சாரக் கணப்படுப்பு என்றால் சாதாரண ஹீட்டரோடு ஒரு தீப் படம். புகைவழியைத் தொடவே வேண்டாம். கரண்ட் போனால் அதுவும் போய்விடும்.

சாம்பல்பூனை

எத்தனால் ஊற்றி எரிக்கும் கணப்படுப்பு வைத்துவிடலாம் என்று யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: சூடாக இருக்கும்போது எரிபொருள் ஊற்றித் தீக்காயம் பட்டவர்கள் உண்டு. அணைத்து, முழுதாக ஆறிய பிறகுதான் நிரப்ப வேண்டும். அவசரக்காரர்கள் வீட்டுக்கு ஆகாது.

குளிர்காலவாசி

பேசி முடித்துவிட்டோம். விறகு இன்செர்ட், முழு நீள ஸ்டீல் லைனர், உச்சியைத் திரும்பப் பூசித் தொப்பி. கல் வேலைப்பாட்டைத் தொடப்போவதில்லை. மனைவியின் உண்மையான குறை இடம் இல்லை, குளிர்காற்றும் புகை நாற்றமும்தான் என்று பேசும்போதுதான் தெரிந்தது. இன்செர்ட் இரண்டையும் நிறுத்திவிடும் என்றதும் இடிக்கும் பேச்சை விட்டுவிட்டார். மாமனார் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் விறகு பிளப்பது அவர் இல்லை.

வேலை தொடங்குமுன் பார்க்க வேண்டியது ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?

மட்டநூல்

இன்செர்ட்டின் எடை 150, 200 கிலோ வரும். முன்பகுதித் தரை அதைத் தாங்குமா என்று பாருங்கள். தீப்பிடிக்காத தரை வாய்க்கு முன்னால் குறைந்தது 16 அங்குலம் நீள வேண்டும். உங்கள் வாயின் அளவுக்கு 20 அங்குலமே வைத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் மரப் பலகைக்கும் இன்செர்ட்டுக்கும் எவ்வளவு தூரம் என்பது அதன் கையேட்டில் இருக்கும். திறந்த தீக்குப் போதுமாக இருந்த இடைவெளி இதற்குப் போதாமல் போகலாம், ஏனென்றால் சூடு இப்போது முன்னால் வரும். குறைந்தால் பலகைக்கு அடியில் ஒரு உலோகத் தடுப்பு போடலாம்.

கொத்துக்கரண்டி

வாங்கும் விறகைப் பிளந்து, புதிதாகப் பிளந்த முகத்தில் ஈரமானியை வையுங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். புதிதாக வெட்டிய பச்சை மரத்தின் எடையில் பாதி தண்ணீராக இருக்கும், அதை ஆவியாக்கவே தீயின் சக்தி போய்விடும். சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி வீட்டுக்கு வெளியே வையுங்கள். உள்ளே கங்கு நாள் கணக்கில் உயிரோடிருக்கும். படுக்கையறைப் பக்கமும் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம்.

குளிர்காலவாசி

பெட்டிக்கும் கல் வேலைப்பாட்டுக்கும் நடுவே, சாம்பல் நிறத்தில் அட்டைபோல் ஒன்று சொருகியிருக்கிறது, ஓரம் நார் நாராக இருக்கிறது. நாளை அதைப் பிடுங்கிவிட்டு அளவெடுக்கலாம் என்று இருக்கிறேன்.

மட்டநூல்

பிடுங்காதீர்கள். துளை போடவும் வேண்டாம், பெருக்கவும் வேண்டாம். பழைய கணப்படுப்புகளில் சூடு தாங்க, நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) அட்டையும் கயிறும் வைப்பது அன்று வழக்கமாக இருந்தது. கல்நாராக இல்லாமலும் இருக்கலாம், ஆனால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கென்று பயிற்சி பெற்றவர் வந்து மாதிரி எடுத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பட்டும். முடிவு வரும்வரை அந்த அறையில் யாரும் வேலை செய்ய வேண்டாம். லைனர் இறக்குபவரிடமும் தேதியைத் தள்ளிப்போடச் சொல்லிவிடுங்கள்.

குளிர்காலவாசி

சொல்லிவிட்டேன். முடிவு வந்ததும் இங்கேயே போடுகிறேன்.